நாற்பத்தொன்றாவது தம்ளர்

சாமி நகரவில்லை. சாமி நகராதவரை ஜீப் நகராது, ஜீப் நகராதவரை பின்சீட்டில் துணிப்பைக்குள் கிடக்கிற பூட்டும் அரக்குக் கட்டியும் பித்தளை முத்திரையும் நகராது. ஆக, அரசாங்கம் இந்த நிமிஷம் சந்தைப்பேட்டை முக்கில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தாள் வட்டாட்சியர் மரகதம். நாலு மணிக்கு ஊருக்கு வெளியே பழைய கோழிப்பண்ணைக் கொட்டகையைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டும். இப்போது மணி மூன்று பத்து. முன்னால் செல்லாண்டியம்மன் சப்பரம், அதற்கு முன்னால் பம்பை, அதற்கும் முன்னால் தெருவையே அடைத்து ஒரு பந்தல். பந்தலின் கால்கள் தார்ச்சாலையைக் குடைந்துதான் நடப்பட்டிருந்தன. குடைந்த குழியை ஜன்னல் வழியாகப் பார்த்தாள், பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள், இது ஒரு பழக்கம், இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் கழுத்து தானாகவே திரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறது. இந்த ரோட்டைக் குடைந்ததற்கு மூன்று மனு வந்திருக்கிறது. மூன்றிலும் அவளே எழுதி முடித்திருக்கிறாள்: நெடுநாள் வழக்கம். அந்த இரண்டு வார்த்தையைப் போட்டுவிட்டால் கோப்பு வாயை மூடிக்கொள்ளும். ஒலிபெருக்கிக்கு நெடுநாள் வழக்கம், ஆஸ்பத்திரி வாசலில் வாணவேடிக்கைக்கு நெடுநாள் வழக்கம், மூன்று வருஷத்துக்கு முன் இதே சப்பரத்தின் சக்கரத்தில் ஒரு ஆள் மாட்டிக்கொண்டு செத்தானே, அதற்கு அவள் எழுதியது இறந்தவரின் கவனக்குறைவு, விழா வழக்கம்போல் நிறைவுற்றது. வழக்கம்போல். அந்த வார்த்தையை எழுதிய பேனாவை அன்றைக்குச் சாயங்காலமே தூக்கிப் போட்டாள், ஏதோ பேனாதான் எழுதியது மாதிரி. வேர்வை முதுகில் ரவிக்கையோடு ஒட்டிக்கொண்டது. காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் இரண்டு வாய் ஊற்றிக்கொண்டாள். வெந்நீராய்ச் சுட்டது. முக்கால் பாட்டில் மீதி இருந்தது.

"ஏனுங்கம்மா, வண்டிக்குள்ளயே உக்காந்துட்டீங்க? அம்மன் உங்க வாசலுக்கே வந்துட்டா பாருங்க" என்று ஜன்னலில் முகத்தை நுழைத்தார் கோயில் தர்மகர்த்தா நாச்சிமுத்து. வெற்றிலையும் பன்னீரும் பல்லுச் சொத்தையும் கலந்த மூச்சு முன்னால் வந்தது, முகம் பின்னால் வந்தது. "அவசர வேலைங்க, வழி கெடைச்சாப் போதும்" என்றாள். "அந்த வேலைக்குத்தானுங்களே போறீங்க? போலாம் போலாம். மொதல்ல மரியாதைய வாங்கிக்கோங்க." ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை அவள் கையில் திணித்தார். தோளில் இருந்த பட்டுத் துண்டை எடுத்து ஜீப்பின் பக்கவாட்டுக் கண்ணாடியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, தட்டிவிட்டார். பம்பைக்காரன் ஒரு உருட்டு உருட்டினான். இதுவும் வழக்கம்தான், நாலு வருஷ வழக்கம். அவள் இந்தத் தாலுகாவுக்கு வந்த முதல் வருஷம் தாசில்தாருக்குப் பரிவட்டம் கட்ட வேண்டிய நேரத்தில் நாச்சிமுத்து துண்டை விரித்துக்கொண்டு முழித்தார், பொம்பளைத் தலையில கட்டற வழக்கமில்லீங்களே என்றார், அப்புறம் சுற்றிலும் பார்த்து ஜீப் கண்ணாடியைக் கண்டுபிடித்தார். "மரியாதை பதவிக்குத்தானுங்க, ஆளுக்கில்லீங்க." எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் சிரித்தாள். கண்ணாடியைவிட ஒரு படி கீழே தன்னை வைத்ததற்குப் பல்லைக் காட்டிச் சிரித்து, அது மறுநாள் பேப்பரிலும் வந்தது. அன்றைக்கு அது எரிந்தது, இரண்டாம் வருஷம் லேசாக உறுத்தியது, இந்த வருஷம் துண்டின் முடிச்சு சரியாக இருக்கிறதா என்று அவளே எட்டிப் பார்க்கிறாள். தூ. பழகிப்போன நாற்றம் மூக்குக்குத் தெரிவதே இல்லை.

பொங்கலைத் தின்னவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. நெய் தொன்னையைத் துளைத்துக்கொண்டு விரலிடுக்கில் இறங்கிற்று. ஒரு முந்திரிப்பருப்பின் மேல் ஈ உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. போன மாதம் சமாதானக் கூட்டத்திலும் இப்படித்தான் ஈ, அங்கே பொங்கல் இல்லை, போண்டா. பன்னிரண்டு வருஷமாக ஊர்வலம் எந்தத் தெருவழியாகப் போவது என்று முறைத்துக்கொண்டு, ஒரே பெஞ்சில் உட்காராமல், ஒருத்தர் கிளம்பினபிறகுதான் இன்னொருத்தர் உள்ளே வருவது என்று அவள் உயிரை வாங்கியவர்கள்: கோயிலுக்கு நாச்சிமுத்து, சர்ச்சுக் கமிட்டிக்கு ஒரு செயலாளர், ஜமாத்துக்கு ஒரு பெரியவர். மூன்று பேரும் அன்றைக்கு ஒரே தட்டில் போண்டாவைப் பிட்டுக்கொண்டு, ஒரே மனுவில், ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். ஒற்றுமை என்றால் அப்படி ஒரு ஒற்றுமை. மனுவில் என்னென்னவோ இருந்தது. மூளைச்சலவை. குடும்பங்களைப் பிரித்தல். சுகாதாரக் கேடு. அனுமதியில்லாக் கட்டடம். கோழி வளர்க்க அனுமதி வாங்கிய இடத்தில் மனிதர்கள் உட்கார்கிறார்கள் என்பதுதான் கடைசியில் சட்டப்படி நின்ற குற்றம். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, பெயர் வைக்க மாட்டோம் என்கிறார்கள், ஊர்தான் தம்ளர் கூட்டம் என்கிறது. சிலை கிடையாது, புத்தகம் கிடையாது. ஆரம்பித்து வைத்தவள் ஒரு லைன்மேன் சம்சாரம், அவளும் செத்து இரண்டு வருஷமாகிறது. புதன்கிழமை சாயங்காலம் நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். அப்புறம் ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர். வாய் வைத்துக் குடிக்க வேண்டும். குடித்த தம்ளரைக் குடித்தவர் கழுவக்கூடாது, அவருக்கு அடுத்து வந்து உட்கார்ந்தவர் கழுவ வேண்டும். வந்த வரிசைதான் வரிசை, வேறு வரிசை கிடையாது. அவ்வளவுதான் மதம். மனுவில் எல்லாம் இருந்தது, தம்ளர் மட்டும் இல்லை. நாச்சிமுத்துவின் மருமகள் சுலோச்சனா, தாலுகா ஆபீஸில் கக்கூஸ் கழுவுகிற பாவாயியின் எச்சில் தம்ளரைக் கழுவினாள் என்பதை எந்த வக்கீலாலும் மனுவாக எழுத முடியாது. மூன்று மதமும் போண்டாவை மென்றுகொண்டே அதை எழுதாமல் விட்டன, மரகதமும் கேட்காமல் விட்டாள்.

பம்பைச் சத்தம் நின்று மறுபடி ஆரம்பித்தது. சப்பரம் இரண்டடி நகர்ந்து அடுத்த வீட்டுத் தேங்காய்க்காக நின்றது. "இன்னும் நாலு வீடுதானுங்கம்மா" என்றார் டிரைவர் மாரப்பன், பத்து வீடு பாக்கி இருப்பது அவளுக்குத் தெரியும். கோட்டாட்சியர் காலையில் போனில் பேசியது காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மனுஷர், அதட்ட மாட்டார், சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பார். "ஏம்மா தயங்கறீங்க? பழசு எவ்வளவு தொல்லை பண்ணாலும் யாரைக் கூப்பிடணும்னு நமக்குத் தெரியும். ஒரு போன் போட்டா நாச்சிமுத்து வந்து உக்காருவார், டீ குடிப்பார், கையெழுத்துப் போடுவார். இதுங்கள்ல யாரைக் கூப்பிடறது, சொல்லுங்க?" அதுதான். மூளைச்சலவையும் இல்லை, கோழியும் இல்லை. கூப்பிட ஆள் இல்லாததுதான் குற்றம். படிவத்தில் அமைப்பின் பெயர் என்று ஒரு கோடு, தலைவர் பெயர் என்று ஒரு கோடு. இரண்டையும் காலியாக விட்டு ஒரு கூட்டம் இந்த ஊரில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறது என்றால் அரசாங்கத்துக்கு வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும். எத்தனை பெரிய சாமியானாலும் அதற்கு ஒரு தர்மகர்த்தா இருந்தால் போதும், அவருக்கு ஒரு நாற்காலி போட்டால் போதும், அவருக்கு நாம், நமக்கு அவர். யாருக்கு முதல் மரியாதை, யார் வெளியே நிற்பது என்று பழசு எல்லாவற்றையும் நமக்காக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. அந்த வரிசையின் மேல்தான் தாலுகா ஆபீஸே உட்கார்ந்திருக்கிறது. வந்த வரிசைதான் வரிசை என்று ஒரு கொட்டகையில் ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும்? இதெல்லாம் புரிகிறது, புரிந்துகொண்டுதான் முத்திரையோடு கிளம்பியிருக்கிறாள், புரியாமல் கிளம்பியிருந்தால்கூட இவ்வளவு குமட்டாது. விசாரணைக்குப் போன அன்றைக்கே மறுப்பு எழுதியிருக்கலாம். சட்டம் ஒழுங்குக்கு இடையூறில்லை என்று ஒரு வரி. உண்மையும் அதுதான். எழுதத்தான் நினைத்தாள். அன்றைக்கு மட்டும் போன் வராமல் இருந்திருந்தால்.

இரண்டு வாரம் முன்பு, புதன்கிழமை. கொட்டகையில் கோழி போய் ஏழு வருஷமாகியும் வாடை போகவில்லை, சுண்ணாம்படித்த சுவருக்கு உள்ளேயிருந்து அது வந்துகொண்டிருந்தது. கிராம நிர்வாக அலுவலர் தனசேகர் நாற்காலி கேட்டார், நாற்காலி இல்லை என்றார்கள். பாயில் உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது யார் என்று அப்போது கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை, அதுவும் நன்றாகத்தான் இருந்தது, சொல்லப்போனால் ரொம்ப நன்றாக இருந்தது. தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மோட்டார் நின்ற மாதிரி. கண்ணோரம் ஈரமானது, அதை வேர்வை என்று துடைத்துக்கொண்டாள். அப்புறம் தண்ணீர் வந்தது. பழக்கத்தில் அண்ணாந்தாள். "இங்க வாய் வெச்சுக் குடிக்கோணுமுங்கம்மா" என்றது பக்கத்துக் குரல். பாவாயி. பச்சைச் சேலை, எண்ணெய் வைத்த தலை, ஆபீஸில் துடைப்பத்தோடு பார்க்கிற பாவாயி இல்லை, ஆனால் பாவாயிதான். மரகதம் வாய் வைத்துக் குடித்தாள். வலது பக்கம், அவளுக்கு அடுத்து வந்து உட்கார்ந்த சுலோச்சனா, அந்தத் தம்ளரை வாங்கிக்கொண்டுபோய்த் தேய்த்தாள், நிதானமாக, விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றி. தாசில்தாரின் எச்சிலைத் தர்மகர்த்தாவின் மருமகள் கழுவுகிறாள், மரகதத்துக்குக் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட. அப்புறம், அவளுக்கு முன்னால் வந்திருந்த பாவாயி தன் தம்ளரை மரகதத்தின் முன்னால் வைத்தாள். எடுத்தாள். குழாய்வரை போனாள். குழாயைத் திருகினாள், தண்ணீர் கொட்டியது. தம்ளரின் விளிம்பில் ஒரு புகையிலைத் துணுக்கு. ஒரே ஒரு துணுக்கு. அப்போதுதான் போன் வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, தம்ளரைக் குழாய்த் திட்டில் வைத்துவிட்டு, வெளியே வந்தாள், ஜீப்பில் ஏறினாள்.

பொங்கல் மேலே ஈ இப்போது மூன்றாகிவிட்டது. அம்மா சொல்லிக் கொடுத்தது: வாய் வெக்காதடி, எச்சில்டி. மகளிர் விடுதியில் தன் பாட்டிலில் அறைத்தோழி வாய் வைத்தாள் என்பதற்காக வாந்தியெடுத்தவள் அவள். எச்சில் எச்சில்தானே, இதில் சாதி எங்கே வந்தது, யாருடையதாக இருந்தாலும் குமட்டியிருக்கும் என்று இரண்டு வாரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுலோச்சனாவுடையது என்றால்? கழுவியிருப்பாள். முகம் சுளித்திருப்பாள், கழுவியிருப்பாள். அது தெரிந்தபிறகுதான் தூக்கம் போனது. ஆபீஸ் கக்கூஸ் ஜன்னல் திட்டில் நெளிந்த ஈயத் தம்ளர் ஒன்று கவிழ்த்தே இருக்கும். அது பாவாயியின் தம்ளர் என்று யாரும் சொன்னதில்லை, யாரும் சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் நாலு வருஷமாகத் தெரியும். கேன் தண்ணீர்க் குழாயைப் பாவாயி தொட்டு அவள் பார்த்ததே இல்லை. ஆயுத பூஜைக்குப் பாவாயி படிக்குக் கீழே நின்று முந்தானையை ஏந்துவாள், பொரி மேலேயிருந்து விழும், ஒரு முறை அதை மரகதமே போட்டாள், கை படாமல். இதற்கு யாரும் மனு கொடுத்ததில்லை. கொடுத்திருந்தாலும் அவளிடம் இரண்டு வார்த்தை தயாராக இருக்கிறது. ஜன்னல் திட்டில் தம்ளர் இருந்தால் அமைதி, வட்டத்தில் தம்ளர் வந்தால் சட்டம் ஒழுங்கு. சரி, இவ்வளவு யோசித்தாயே, ஒன்றை மட்டும் விட்டுவிட்டாயே மரகதம். போன் வந்ததா? போன் வரவில்லை. அணைந்து கிடந்த போனை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க சார், சொல்லுங்க சார்" என்று சுவரைப் பார்த்துப் பேசினாள், ஐம்பத்தேழு வயசில், நாற்பது பேர் முன்னால், பாவாயி பார்த்துக்கொண்டிருக்க. மறுநாள் அறிக்கையில் எழுதினாள்: சட்டம் ஒழுங்குக்கு இடையூறு ஏற்பட வாய்ப்புண்டு. தொன்னையை ஜன்னல் வழியாகச் சாக்கடையில் போட்டாள். விரலில் நெய் அப்படியே இருந்தது.

மூன்று ஐம்பதுக்குச் சாமி நகர்ந்தது. கொட்டகை வாசலில் தனசேகரும் இரண்டு போலீஸ்காரர்களும் காத்திருந்தார்கள். "கரண்ட்ட நேத்தே கட் பண்ணியாச்சுங்கம்மா, நீங்க திங்கக்கிழமை போட்ட லெட்டருக்கு" என்று தனசேகர் பெருமையாகச் சொன்னார். உள்ளே அவர்கள் இன்றைக்குச் சீக்கிரமே உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தம்ளர் கழுவி முடித்துவிட்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் காலில் விழவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். "நோட்டீஸ யார் வாங்கிக்கிறீங்க?" என்றாள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னைக்கு மொதல்ல வந்தது நானுங்க" என்று ஒரு கட்டிட மேஸ்திரி கையை நீட்டினார், வாங்கினார், படிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். சுலோச்சனா அவளைத் தாண்டும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜீப் கண்ணாடியில் கட்டியிருந்த மாமனாரின் பட்டுத் துண்டை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். கடைசியாகப் பாவாயி மட்டும் நின்றாள், கையில் காலிக் குடம்.

தனசேகர் பறிமுதல் பட்டியலை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். கோரைப்பாய் பதினாறு. மரப்பலகை ஒன்று, அதன் மேல் கவிழ்த்த எவர்சில்வர் தம்ளர் நாற்பது. "திட்டு மேல ஒண்ணு நிக்குதுங்கம்மா. நாப்பத்தொண்ணு." குழாய்த் திட்டில், அவள் வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே நின்றது. உள்ளே ஒரு செத்த எறும்பு. புகையிலைத் துணுக்கு விளிம்போடு காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஏன் பாவாயி, இத யாரும் கழுவலையா?" என்றாள். குரல் ஆபீஸ் குரலாக வர மறுத்தது.

"அது உங்க மொறைங்கம்மா. உங்களுக்குப் போன் வந்துருச்சு. ஒருத்தர் மொறைய இன்னொருத்தர் எடுக்கறதில்லீங்க." குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "வருவீங்கன்னு வெச்சிருந்தோம்."

வருவீங்கன்னு. தனசேகரைத் தாண்டி, போலீஸ்காரர்களைத் தாண்டி, குழாய்க்குப் போனாள், தம்ளரை எடுத்தாள், எடுத்துவிட்டாள், குளிர்ச்சியாகக் கையில் இருந்தது, அவ்வளவுதானே, ஒரு எவர்சில்வர் தம்ளர், குழாயைத் திருகினாள். காற்று இரண்டு முறை இருமியது. ஒரு சொட்டு வந்து நின்றது.

"தண்ணி நேத்தே நின்னுபோச்சுங்கம்மா, மோட்டார் ஓடல" என்றாள் பாவாயி. "கொடத்துல கொண்டாந்ததும் தீந்துருச்சு."

நெஞ்சுக்குள் முதலில் வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. பரீட்சை தள்ளிப்போன பிள்ளைக்கு வருமே, அந்த நிம்மதி. அது வந்ததை அவள் பார்த்தாள், தன் எதிரிலேயே யாரோ காறித் துப்பியது மாதிரி இருந்தது. தம்ளரை மறுபடி திட்டில் வைத்தாள். "கழுவாதது ஒண்ணுன்னு எழுதணுமாங்கம்மா?" என்றார் தனசேகர். எழுதுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "எழுதுனா மேல கேப்பாங்களேங்கம்மா" என்று அவரே சொன்னார். "நாப்பத்தொண்ணுன்னு மட்டும் போடுங்க" என்றாள் மரகதம். கையெழுத்துப் போட்டாள். பூட்டினார்கள். அரக்கு உருகிக் கதவில் வழிந்தது, சூடாக இருக்கும்போதே முத்திரையை அழுத்தினாள், அரசாங்கச் சின்னம் சுத்தமாகப் பதிந்தது, ஒரு பிசிறு இல்லை.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் மாரப்பன் குனிந்து காலடியிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். "முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்குதுங்கம்மா. தண்ணி குடிங்க." முக்கால் பாட்டில். குழாயைத் திருகும்போதே இது இங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். போன் வராதது தெரிந்த மாதிரியே தெரியும். கொட்டகையிலிருந்து ஜீப்புக்கு முப்பது அடிகூட இருக்காது. பாவாயி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று, பாட்டிலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், அப்புறம் எப்போதும் ஆபீஸில் பார்க்கிற மாதிரி தரையைப் பார்த்தாள். மரகதம் மூடியைத் திருகினாள். யாரும் வாய் வைக்காத பாட்டில், அவளுக்கென்றே வீட்டில் நிரப்பிய தண்ணீர். தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டாள்.